சம்மதம் அல்லது மறுப்பு

நெருப்பு நாயகன் வேங்கைமாறனுக்காக உயிரையே கொடுப்பேன் என்று மேனேஜர் சதானந்தம் சொல்லாத நாள் கிடையாது. தயாரிப்பாளரிடம் சொல்வார், டைரக்டரிடம் சொல்வார், இளநீர் வெதுவெதுப்பாக இருக்கிறதென்று புரொடக்‌ஷன் ஆட்களைத் திட்டும்போதுகூட நடுவில் ஒரு தடவை சொல்லிக்கொள்வார். பதினான்கு வருட சர்வீஸில் அந்த வாக்கியம் வணக்கம் மாதிரி ஆகிவிட்டது. வணக்கம் சொல்கிறவர்கள் எல்லாம் நிஜமாகவே வணங்குகிறார்களா என்ன?

வால்பாறையில் பாட்டு ஷூட்டிங் முடிந்த அன்று மத்தியானம் யூனிட்டே மலையிறங்கத் தயாராகிக்கொண்டிருந்தது. சாயங்காலம் பொள்ளாச்சியில் வேங்கைமாறன் நற்பணி மன்றத்தின் ரத்த தான முகாம். நாயகன் துவக்கி வைக்க வேண்டும். துவக்கி வைப்பது மட்டும்தான் அவர் வேலை, ரத்தம் ரசிகர்களுடையது.

முன்பெல்லாம் கேரவன் என்றால் பஸ் மாதிரி தனி வண்டி. இப்போது அப்படியில்லை. பேட்டரி கார் ஒன்று முன்னால் இழுக்க, பின்னால் கொக்கியில் மாட்டிய சக்கர பங்களாவாக வருகிறது. வேங்கைமாறனின் பங்களாவில் படுக்கை, குளியலறை, ஒப்பனை மேஜை, சின்னதாக ஒரு ஜிம் எல்லாம் உண்டு. அந்த ஜிம்மின் முன்னால்தான் ஜெசிந்தா இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

ஜெசிந்தாதான் காரை ஓட்டுகிறவள். வால்பாறை எஸ்டேட்டில் பிறந்தவள், முப்பத்தைந்து வயது. அவளுக்கு வேங்கைமாறனைப் பிடிக்காது. அதை மறைக்கிற சிரமத்தையும் அவள் எடுத்துக்கொள்வதில்லை.

"டம்பெல்லையெல்லாம் யாரு சார் பின்கோடிக்குத் தள்ளுனது?"

"நான்தான்," என்றார் சதானந்தம். "படுக்கைக்குப் பக்கத்துல இருந்தா சாருக்குக் கெட்ட கனவு வருதாம்."

"என்ன கனவு?"

"எக்சர்சைஸ் பண்ற மாதிரி."

ஜெசிந்தா சிரிக்கவில்லை. "கனம் சக்கர அச்சுக்கு முன்னாடி இருக்கணும் சார். பின்னாடி போனா கொக்கி லேசாயிடும். இறக்கத்துல வேகம் பிடிச்சா வாலாட்ட ஆரம்பிக்கும். ஒரு ஆட்டத்தைவிட அடுத்த ஆட்டம் பெரிசா வரும். கடைசில காரையும் சேர்த்துப் புரட்டிடும். திரும்ப முன்னாடி அடுக்கிட்டுப் போலாம், அரைமணி நேரம் ஆகும்."

"அரைமணியா? அங்க ரெண்டாயிரம் பேரு ஊசி குத்திக்கிட்டுப் படுத்திருக்கான்மா!"

அவள் போய் ஸ்டீயரிங்கில் உட்கார்ந்தாள். முன் சீட்டில் ஏற்கெனவே கிட்டுசாமி இடம்பிடித்திருந்தார். பொள்ளாச்சி மன்றத் தலைவர். நாயகனை எதிர்கொண்டு அழைக்க அதிகாலையிலேயே மலையேறி வந்தவர். வேங்கைமாறனின் முகத்தை நெஞ்சில் பச்சை குத்தியிருந்தார். குத்தியபோது கிட்டுசாமி ஒல்லி. இப்போது நெஞ்சு அகன்றுவிட்டதால் நாயகனுக்குத் தாடை வீங்கின மாதிரி இருக்கும்.

சதானந்தம் பின்சீட்டில் ஏறிக் கதவைச் சாத்தியதும் கார் பேசியது. பாடப்புத்தகத் தமிழ், கண்டிப்பான பெண் குரல். யூனிட்டில் எல்லோரும் அதை டீச்சரம்மா என்றுதான் சொல்வார்கள்.

"இணைப்புக் கொக்கியின் மீது எடை போதவில்லை. சுமையை மாற்றி அடுக்கவும். அல்லது பொறுப்பேற்கிறேன் என்னும் பொத்தானை அழுத்தவும்."

சதானந்தம் எட்டி, ஜெசிந்தாவின் தோளுக்கு மேலாகக் கையை நீட்டிப் பொத்தானை அழுத்தினார்.

"நன்றி. இழுவை வண்டியில் ஒருவர் பயணம் செய்கிறார். குறித்துக்கொள்ளப்பட்டது."

"அதெதுக்குங்க குறிச்சுக்குது?" என்றார் கிட்டுசாமி.

"கத்தரி இருக்கில்ல, அதுக்கு," என்றாள் ஜெசிந்தா, வண்டியை மெல்ல நகர்த்தியபடி. "பின்னாடி வண்டி கட்டுக்கடங்காம ஆடுச்சுன்னா இது கொக்கியையும் சங்கிலியையும் டக்குனு வெட்டி விட்டுடும். கார்ல இருக்கறவங்க தப்பிச்சுக்கலாம். சாமான் ஏத்துன வண்டின்னா கேக்கவே கேக்காது, வெட்டிடும். நாலு வருஷம் முன்னாடி வடக்க ஒரு இடத்துல இப்படி வெட்டி விட்டப்ப, உள்ள ஒரு ஆளு தூங்கிட்டிருந்திருக்கான். கேஸ் ஆகி, எந்த உசுரு பெரிசுன்னு மெஷின் முடிவு பண்ணக்கூடாதுன்னு தீர்ப்பு வந்துச்சு."

"அப்ப யாரு முடிவு பண்றது?"

"நம்மளைக் கேக்கும். பின்னாடி ஆள் இருந்தா, ஆபத்தை ஏத்துக்க சம்மதமான்னு கார்ல இருக்கற ஒவ்வொருத்தரையும் கேக்கும். எல்லாரும் சம்மதம்னா வெட்டாது. ஒருத்தர் மறுத்தாலும் வெட்டும். பதில் சொல்லாதவங்களைக் கணக்குல எடுக்காது."

கிட்டுசாமி நெஞ்சைத் தட்டிக்கொண்டார். தட்டு சரியாக நாயகனின் மூக்கில் விழுந்தது. "தலைவருக்குன்னா இதையெல்லாம் கேக்கோணுமாக்கும்? நம்ம உசுரே அவருதுதானுங்களே. என்னங்ணா?"

"பின்ன?" என்றார் சதானந்தம், போனைப் பார்த்துக்கொண்டே. "உயிரையே கொடுப்பேன்."

மலைப்பாதையில் நாற்பது கொண்டை ஊசி வளைவுகள். ஜெசிந்தா ஒவ்வொன்றையும் பொறுமையாகத் திரும்பினாள். ஒவ்வொரு வளைவிலும் பொள்ளாச்சியிலிருந்து ஒரு போன் வந்தது. இருபதாவது வளைவு தாண்டியபோது சதானந்தத்தின் பொறுமை போய்விட்டது.

"ஏம்மா, மாட்டு வண்டியா ஓட்டறே? நேரா இருக்கற இடத்துலயாவது கொஞ்சம் மிதி."

"பின்னாடி கனம் இருக்கு சார்."

"பொறுப்பேத்துக்கிட்டேன்ல? மிதி."

மிதித்தாள். அடுத்த வளைவுக்கு முன்னால் கொஞ்ச தூரம் பாதை நேராக இறங்குகிறது. இடது பக்கம் பாறை. வலது பக்கம் கைப்பிடிச் சுவர், அதற்கப்பால் வெறும் காற்று, அந்தக் காற்றின் அடியில் ஆழியாறு அணை கைக்குட்டை அகலத்துக்கு மினுங்கிக்கொண்டிருந்தது. வண்டி நன்றாக வேகம் பிடித்த நேரத்தில் பாறையிலிருந்து ஒரு வரையாடு நடுரோட்டில் குதித்தது. குதித்ததோடு இல்லாமல் அங்கேயே நின்று அசைபோட ஆரம்பித்தது.

ஜெசிந்தாவின் கால் அசைவதற்கு முன்பே டீச்சரம்மா பிரேக் போட்டுவிட்டாள். கார் நின்ற மாதிரிதான் இருந்தது. பின்னால் வந்த பங்களாவுக்கு அந்தச் செய்தி போய்ச் சேரவில்லை. அது முட்டித் தள்ளியது. ஆடு ஒரே தாவலில் சுவரில் ஏறிக்கொண்டது. கேரவன் வலப்பக்கம் ஒதுங்கி, இடப்பக்கம் வந்து, மறுபடி வலப்பக்கம் இன்னும் அகலமாகப் போனது. பின்கோடியில் டம்பெல்கள் உருண்டு சுவரில் மோதுகிற சத்தம் கேட்டது. காரின் முதுகை யாரோ பிடித்து உலுக்குகிற மாதிரி இருந்தது.

"ஆட்டம் கட்டுப்படவில்லை," என்றாள் டீச்சரம்மா, வீட்டுப்பாடம் கொடுக்கிற அதே குரலில். "ஓட்டுநரே, பின்னால் இருப்பவரின் உயிரைக் காக்கும் பொருட்டுத் தங்கள் உயிருக்கு நேரக்கூடிய ஆபத்தை ஏற்கிறீர்களா? சம்மதம் அல்லது மறுப்பு எனக் கூறவும்."

"சம்மதம்!" என்று கத்தினாள் ஜெசிந்தா. காலை இரண்டு பெடலிலிருந்தும் எடுத்துவிட்டாள். ஸ்டீயரிங்கை ஆட்டத்துக்கு எதிராகத் திருப்பாமல் நேராக இறுக்கிப் பிடித்திருந்தாள். இடது கை கேரவனுக்கு மட்டும் பிரேக் போடுகிற சின்ன நெம்புகோலைத் தேடியது. அதன் மேல்தான் கிட்டுசாமியின் மன்றக் கொடி கிடந்தது.

"முன் இருக்கைப் பயணியே, சம்மதமா, மறுப்பா?"

"தலைவர் வாழ்க!" என்றார் கிட்டுசாமி.

"பதில் புரியவில்லை. சம்மதம் அல்லது மறுப்பு எனக் கூறவும்."

"நெருப்பு நாயகன் வாழ்க! வாழ்க! வாழ்க!"

"பதில் பெறப்படவில்லை. பின் இருக்கைப் பயணியே?"

வலது பக்க ஜன்னலில் அணைக்கட்டு முழுசாகத் தெரிந்தது. சுவர் தெரியவில்லை. சதானந்தம் அப்போது எதையும் நினைக்கவில்லை. மகள் யாழினியை நினைத்ததாகப் பிற்பாடு தனக்குத்தானே பலமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டார், ஆனால் நினைக்கவில்லை. பதினான்கு வருடமும் ஞாபகம் வரவில்லை. தன் தொண்டையிலிருந்து ஒரு சுத்தமான, கணீரென்ற குரல் வந்ததை மட்டும் கேட்டார்.

"மறுப்பு!"

"மறுப்பு ஏற்கப்பட்டது. காரணம் கூற விரும்புகிறீர்களா?"

சதானந்தம் முன்சீட்டை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டார்.

கேரவன் இன்னொரு தடவை வீசியது. பின் டயர் சுவரின் அடியில் உரசிப் புகைந்தது. எந்த நிமிஷமும் 'டக்' என்று ஒரு சத்தம் வரும், கார் லேசாகிவிடும் என்று சதானந்தம் கண்ணை மூடிக்கொண்டார். சத்தம் வரவில்லை.

"தகராறு பதிவானது," என்றாள் டீச்சரம்மா. "இயந்திரம் விலகிக்கொள்கிறது. நன்றி."

ஜெசிந்தா கொடியைப் பிடுங்கிக் கிட்டுசாமியின் மடியில் எறிந்துவிட்டு நெம்புகோலை அழுத்தினாள், விட்டாள், மறுபடி அழுத்தினாள். பின்னாலிருந்து கேரவன் காரை இழுத்துப் பிடித்தது. இரண்டுக்கும் நடுவே கொக்கி விறைத்தது. ஆட்டம் குறுகியது. இன்னும் குறுகியது. அடுத்த வளைவின் வாயில் இரண்டும் ஒரே கோட்டில் வந்து நின்றன. மேலே சுவரில் வரையாடு இன்னும் மென்றுகொண்டிருந்தது.

கிட்டுசாமி 'வாழ்க' சொல்வதை நிறுத்தக் கொஞ்ச நேரம் பிடித்தது.

சதானந்தம் இறங்கி ஓடினார். கேரவன் கதவு திறந்தது. முகமெல்லாம் பச்சையாகக் களிம்பு பூசி, வெள்ளரிக்காய்த் துண்டு ஒன்று மட்டும் இடது கண்ணில் ஒட்டியபடி வேங்கைமாறன் நின்றார்.

"என்னய்யா சதா, ரோடு சரியில்லையா? தூக்கத்துல கட்டில்லேருந்து விழுந்துட்டேன்."

"ஆடு சார்," என்றார் சதானந்தம். "ஒரு ஆடு."

"ஓ," என்று கதவைச் சாத்திக்கொண்டார் நாயகன்.

தூங்கியிருக்கிறார், ஒன்றும் தெரியாது. சதானந்தத்துக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஜெசிந்தா சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டு, யாரையும் கேட்காமல் டம்பெல்களை ஒவ்வொன்றாகத் தூக்கி முன்பக்கம் வைக்க ஆரம்பித்தாள். மற்ற இரண்டு பேரும் போய்க் கூடச் சேர்ந்தார்கள். கிட்டுசாமி எட்டுக் கிலோவைத் தூக்கியபடி சதானந்தத்தின் காதருகே வந்தார்.

"நீங்க சொன்னத நான் யாருகிட்டயும் சொல்ல மாட்டனுங்ணா. கவலப்படாதீங்க."

அதைக் கேட்டதிலிருந்துதான் சதானந்தத்துக்குக் கவலை பிடித்தது.

பொள்ளாச்சி கல்யாண மண்டபத்தில் முகாம் தடபுடலாக நடந்தது. நாயகன் ரிப்பன் வெட்டி, ஊசியைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு போட்டோவுக்கு நின்றார். பிறகு கிட்டுசாமி மைக்கைப் பிடித்தார். மலையில் நடந்ததை அவர் சொல்லச் சொல்ல அது வேறு கதையாக வளர்ந்தது. வரையாடு காட்டுயானையானது. "'சம்மதமா?'ன்னு மெஷின் கேட்டுதுங்க. அது கேட்டு முடிக்கறதுக்குள்ளயே சொன்னனுங்க, நூறு உசுரு இருந்தாலும் சம்மதம்னு!" மண்டபம் விசிலில் அதிர்ந்தது. வேங்கைமாறன் எழுந்து வந்து கிட்டுசாமியைக் கட்டிப்பிடித்தார். அடுத்த படத்தில் நண்பன் வேஷம் என்று அங்கேயே அறிவித்தார். கிட்டுசாமி அழுதார். அழுதபடியே கூட்டத்தின் தலைகளுக்கு மேலாகச் சதானந்தத்தைப் பார்த்து ஒரு கண்ணைச் சிமிட்டினார்.

சதானந்தம் மண்டபத்தின் பின்பக்கம் வந்தார். ஜெசிந்தா காரைச் சார்ஜில் போட்டுவிட்டு டீ குடித்துக்கொண்டிருந்தாள்.

"உன்னாலதாம்மா இன்னிக்கு நாலு பேரும் உயிரோட இருக்கோம்," என்றார். "அது வெட்டறதுக்குள்ள நீ பிரேக் போட்டுட்டே."

"நான் போடறதுக்கு நேரம் ஆச்சு சார். கொடி மாட்டிக்கிச்சு. நீங்க மறுத்ததும் அது வெட்டியிருக்கணும். அதுக்குக் கண் இமைக்கற நேரம் போதும்."

"பின்ன ஏன் வெட்டலை?"

ஜெசிந்தா டம்ளரை பானெட்டின் மேல் வைத்தாள். "லைசென்ஸ் கிளாஸ்ல சொல்லிக் குடுத்தாங்க. முன்னாடி யாராவது மறுத்தா, வெட்டறதுக்கு முன்னாடி பின்னாடி இருக்கறவரையும் ஒரு தடவை கேக்கும். விட்டுடலாமா, சம்மதமான்னு. அவங்க சம்மதம்னு சொன்னாலோ, பதிலே சொல்லலைன்னாலோ வெட்டிடும். அவங்களும் மறுத்துட்டா ரெண்டு தரப்புக்கும் தகராறுன்னு ஆயிடுது. தகராறுல மெஷின் தலையிடக்கூடாது. கோர்ட்டுக்குத்தான் போகணும்."

"தூங்கிட்டிருந்தா?"

"தூங்கினா பதில் இல்ல. வெட்டியிருக்கும்."

மண்டபத்துக்குள்ளிருந்து மறுபடி விசில் சத்தம் வந்தது. சதானந்தம் அப்படியே கார் பம்பரில் உட்கார்ந்துவிட்டார்.

மறுநாள் காலை ஓட்டல் வளாகத்தில் நின்ற கேரவனுக்குள் போனார். இரவெல்லாம் ஒத்திகை பார்த்த வசனம் ஒன்று கையிலிருந்தது: உடம்பு முன்ன மாதிரி இல்லை, பெண்ணுக்கு வரன் பார்க்க வேண்டும், வேலையை விட்டு நின்றுகொள்கிறேன். வேங்கைமாறன் கட்டிலில் சம்மணம் போட்டு இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். களிம்பு, விக் எதுவும் இல்லாமல், மாவட்டக் கூட்டுறவு வங்கியில் வேலை பார்க்கிறவர் போல இருந்தார்.

"சார், நான் நின்னுக்கலாம்னு..."

"உக்காரு. நின்னது போதும்."

"அதில்ல சார். வேலையை விட்டு."

நாயகன் இட்லியைக் கீழே வைத்தார். "மறுப்புன்னு சொன்னது நீதானா?"

சதானந்தத்தின் வசனம் எல்லாம் மறந்துபோனது. "ஆமா சார்."

"மூணு பேர்ல ஒருத்தர் சம்மதம், ஒருத்தர் மறுப்பு, ஒருத்தர் பதில் இல்லைன்னு அந்த டீச்சரம்மா கேரவன் ஸ்பீக்கர்ல சொன்னா. பேரைச் சொல்லலை." வேங்கைமாறன் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டார். வெகுநேரம் துடைத்தார். "முன்னால இருக்கறவங்களைக் காப்பாத்த இந்த வண்டியைக் கழட்டி விடப்போறேன், சம்மதமான்னு கேட்டா. எத்தனை படத்துல பண்ணியிருக்கேன் சதா, இதே சீனை? போன படத்துல பாலத்துலேருந்து கயிறை நானே அறுத்துக்கிட்டு விழறேன். தியேட்டர்ல கற்பூரம் காட்டுனாங்க."

"தெரியும் சார். டூப்புக்குக் கால் ஒடிஞ்சுதே."

"உன் பொண்ணு முகம் ஞாபகம் வந்துது. யாழினிதானே பேரு? சின்னப் பொண்ணா செட்டுக்குக் கூட்டிட்டு வருவியே. வந்துது. வந்தும்தான் மறுப்புன்னேன். கத்துனேன். காரணம் சொல்ல விரும்புகிறீர்களான்னு கேட்டா."

"என்ன சொன்னீங்க?"

"கெட்ட வார்த்தை."

சதானந்தம் சிரித்துவிட்டார். பதினான்கு வருடத்தில் நாயகன் பேச்சுக்கு உத்தரவில்லாமல் சிரித்தது அதுதான் முதல் தடவை. வேங்கைமாறனும் சிரித்தார். அப்புறம் இரண்டு பேருக்கும் ஒருவரையொருவர் பார்க்கக் கூச்சமாகிவிட்டது.

"நான் சம்மதம்னு சொல்லியிருந்தா கீழ அணைக்கட்டுல கெடந்திருப்பேன்," என்றார் நாயகன். "நீ சம்மதம்னு சொல்லியிருந்தா எனக்குக் கேள்வியே வந்திருக்காது. விடு. அந்தக் கிட்டுசாமியாவது சொன்னானே. அதுக்குத்தான் அவனுக்கு வேஷம் குடுத்தேன்."

"அவன் சொல்லலை சார். 'வாழ்க'ன்னு கோஷம் போட்டுக்கிட்டு இருந்தான். அதுதான் பதில் இல்லை."

வேங்கைமாறனின் வாய் திறந்தபடி நின்றது. "அப்ப சம்மதம் சொன்னது?"

"ஜெசிந்தா."

"அந்தப் பொண்ணுக்கு என்னைக் கண்டாலே ஆகாதேய்யா!"

"சுத்தமா ஆகாது சார்."

வேங்கைமாறன் எழுந்து, சட்டையைப் போட்டு, கண்ணாடியில் பார்த்து, விக்கை எடுத்து, என்னவோ யோசித்து மறுபடி மேஜையிலேயே வைத்தார். "வா," என்றார். குரல் லேசாக நடுங்கியது. சதானந்தத்துக்கு அது நடிப்பா இல்லையா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. நாயகனுக்கும் தெரிந்திருக்காது.

வெளியே ஜெசிந்தா குனிந்து கொக்கிச் சங்கிலிகளைக் குறுக்காக மாட்டிக்கொண்டிருந்தாள். நாயகன் அவளுக்கு எதிரில் போய்க் கை கூப்பி நின்றார். வழுக்கைத் தலையில் வெயில் பட்டது. ஓட்டல் வாசலில் நின்ற இரண்டு பேர் அது யாரென்றே தெரியாமல் கடந்து போனார்கள்.

"ஜெசிந்தா, நேத்து நீங்க சம்மதம்னு சொன்னது... நான் உங்களுக்கு என்ன செஞ்சேன்? ஒரு நாள் நல்லா இருக்கியான்னு கேட்டதில்ல. எனக்காக உங்க உயிரை..."

ஜெசிந்தா நிமிர்ந்து கையிலிருந்த கிரீஸைத் துடைத்தாள். ஒரு நிமிஷம் அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அதுவா சார்? வண்டி அந்த ஆட்டம் ஆடுது, காதுகிட்ட அந்தம்மா வேற. பதில் சொல்லலைன்னா கேட்டதையே திருப்பிக் கேப்பா. மறுப்புன்னா காரணம் வேற கேப்பா. சம்மதம்னாதான் வாயை மூடிட்டு அடுத்த ஆளுகிட்டப் போவா. எனக்கு ரோடைப் பாக்கணும்ல?"

கூப்பிய கை கூப்பியபடியே நின்றது. சதானந்தம் அவசரமாக ஆகாயத்தைப் பார்த்தார். நாயகன் மெல்லக் கையைக் கீழே இறக்கினார். முகத்தில் முதலில் ஒரு அடி வாங்கின மாதிரி இருந்தது. அப்புறம் தோள்கள் தளர்ந்து, நேற்று மத்தியானத்திலிருந்து பிடித்து வைத்திருந்த மூச்சை மொத்தமாக விட்டார்.

"ரொம்ப நன்றிம்மா," என்றார். இந்தத் தடவை குரல் நடுங்கவில்லை.

"சரி சார், ஏறுங்க. கோயமுத்தூருக்கு நேரமாச்சு." ஜெசிந்தா சங்கிலியை ஒரு தடவை இழுத்துப் பார்த்துவிட்டு ஸ்டீயரிங் பக்கம் நடந்தாள். "கேரவன்ல யாரு வர்றீங்க?"

மேனேஜரும் நாயகனும் ஒரே சமயத்தில் காரின் முன்கதவைப் பிடித்தார்கள்.